இந்தத் தபாலில் பட்டை இல்லை

சேசு மரி சூசை

ஆம்பூர்,
1931 மார்ச் மாதம் 12ந் தேதி.

என் பிரிய புருஷர் அந்தோணி அவர்களுக்கு சவுரியம்மாள் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நானும் மகள் அமிர்தவள்ளியும் சுகமாயிருக்கிறோம். நாக்பூரில் நீங்களும் உங்கள் இடது கை ஆள்காட்டி விரலும் சுகமா என்று எழுதவும்.

கடுதாசி வந்தது, பார்சல் வரவில்லையே என்று அங்கே தபால்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பார்சல் எங்கும் தொலையவில்லை. நான் அனுப்பவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். உங்கள் புத்தி எனக்குத் தெரியும், உடனே கடைசித் தாளைப் புரட்டுவீர்கள். வேண்டாம், வரிசையாகவே படியுங்கள்.

நீங்கள் எழுதிய கடுதாசியும் போட்டோவும் போன புதன்கிழமைக்கு முந்தின புதன்கிழமை வந்தன. வடக்கே ஒரு ராஜா உங்கள் கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் காரியதரிசியையே அனுப்பினார் என்றும், மூன்று வருஷ ஒப்பந்தம், தனி வீடு, குளிருக்குக் கம்பளிச் சட்டை எல்லாம் தருகிறார் என்றும், ஏப்ரல் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். "அங்கே குளிர் ஜாஸ்தி, விரலுக்கு இரண்டு பங்கு பட்டை அனுப்பு" என்றும் எழுதியிருந்தீர்கள். மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் தடவை உங்களுக்கு நாற்பத்தைந்து வயசு என்பது ஞாபகம் வந்தது. மூன்றாம் தடவை கோபம் வந்துவிட்டது. அது ஆறட்டும் என்றுதான் பதில் போட எட்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

சந்தோஷம் என்று எழுதினது பொய்யில்லை. தோல் பதம் பண்ணும் ஷாப்பில் முழங்கால் அளவு சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோல் புரட்டிக்கொண்டிருந்தவர் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை ஜோலார்பேட்டை ரயில்வேக்காரர்கள் விளையாடும்போது ஓடிப்போய்ப் பந்து பொறுக்கிக் கொடுப்பீர்கள். ஒரு நாள் ஆள் குறைந்ததால் உங்களையே பந்து போடச் சொல்லி, நீங்கள் போட்ட பந்து திரும்பின திரும்பலில் அங்கிருந்த துரை கையிலிருந்த மட்டையைக் கீழே வைத்துவிட்டு உங்கள் விரலைப் பிடித்துப் பார்த்தாராமே. அந்தக் கதையை நீங்கள் சொல்லி நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். இப்போது ஒரு ராஜா. எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? "பந்து போடுறது ஒரு வேலையா? நீ போடுறதை எவனோ அடிச்சிட்டுப் போய்ட்டா உனக்கு இன்னாத்துக்குச் சம்பளம் குடுப்பான்?" என்றார். "அடிக்க விடாம போடுறதுக்குத்தான் மாமா சம்பளம்" என்றீர்கள். உள்ளே இருந்த நான் அந்தப் பேச்சுக்குத்தான் சம்மதம் சொன்னேன். மூஞ்சியை அப்புறம்தான் பார்த்தேன்.

பட்டைப் பார்சல் அனுப்ப விலாசம் எழுதி வைக்கும் நோட்டை நேற்று எடுத்துப் பார்த்தேன். முதல் தாளில் பெங்களூர். அதை அடித்துவிட்டு சிகந்தராபாத். அதை அடித்துவிட்டு பூனா. அப்புறம் கராச்சி, ரங்கூன், கொழும்பு, மறுபடியும் பூனா, லாகூர், இந்தூர், நாக்பூர். நடுவில் ஒரு குளிர்காலம் மட்டும் இருந்துவிட்டு வந்த ஊர்களை நான் எழுதவேயில்லை. ஒவ்வொரு ஊரிலும் உங்களை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள், ஒவ்வொரு ஊரிலும் வேறு ஊர்க்காரர்கள் வந்து அழைத்தார்கள். ஆம்பூரிலிருந்து அரக்கோணத்துக்கு அந்தப் பக்கம் நான் போனதில்லை. ஆனாலும் நம் ஆவாரம்பட்டை ரங்கூன் வரைக்கும் கப்பலில் போய் வந்திருக்கிறது. பந்தின் தையல் தேய்த்துத் தேய்த்து விரல் வெடித்துவிடுகிறது என்று முதல் வருஷமே நீங்கள் எழுதினபோது, சுண்ணாம்பில் கை வெடித்தவர்கள் சாயங்காலம் பட்டைத் தண்ணீரில் கையை ஊறவைப்பதைப் பார்த்து எனக்குத்தான் அந்த யோசனை வந்தது. தோலைப் பதம் பண்ணுகிற பட்டை விரலைப் பண்ணாதா? பட்டைக் கிடங்கில் வேலை செய்கிறவளைக் கட்டிக்கொண்டதில் உங்களுக்கு நஷ்டமில்லை. இப்போது அந்த விரலை அறுத்துச் செருப்புத் தைக்கலாம்.

போட்டோவைச் சுரூபத்து மேஜையில் அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஜிம்கானா கிளப் ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் நிற்கிறார்கள். நீங்கள் கீழே ஓரமாகப் புல்லில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கீழே அச்சடித்த பேர்களை அமிர்தவள்ளி படித்துக் காட்டினாள். எல்லாருக்கும் பேருக்கு முன்னால் இரண்டு எழுத்து, மூன்று எழுத்து. உங்களுக்கு வெறும் அந்தோணி. "அப்பாவுக்கு மட்டும் இனிஷியல் எங்கம்மா?" என்று கேட்டாள். அப்பா சம்பளத்துக்கு ஆடுகிறவர், இவர்கள் பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்கள், சம்பளக்காரருக்கு எழுத்து போட மாட்டார்கள் என்றேன். "யாரு ஜாஸ்தி விக்கெட் எடுத்தாங்க?" என்றாள். உங்கள் விக்கெட் கணக்கு எழுதின கடுதாசியைக் காட்டினேன். பென்சிலை எடுத்து உங்கள் பேருக்கு முன்னால், தாத்தா பேரின் முதல் எழுத்து, ச என்று எழுதிவிட்டாள். நான் அழிக்கவில்லை.

இனி இந்த ஊர் சமாசாரம். நம் தோல் ஷாப்பு முதலாளி வாஹித் பாஷா சாகிபின் மகன் ரஷீத் அஹமது காலேஜ் முடித்து ஊருக்கு வந்துவிட்டார். தோல் உலர்த்தும் பழைய திடலைச் சமப்படுத்தி, உருளை இழுத்து, கிரிக்கெட் மைதானம் ஆக்கியிருக்கிறார். ஷாப்பு ஆட்கள், ஆபீஸ் ஆட்கள், அவர் சிநேகிதர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே டீம். ஐந்து நாளைக்கு முன்னால் அவரே பட்டைக் கிடங்குக்கு வந்து என்னைக் கேட்டார். "அண்ணி, அண்ணன் வருவாரா? வந்து நம்ம பசங்களுக்குச் சொல்லிக் குடுத்தா போதும், ஆடவும் செய்யலாம். சம்பளம் ராஜா குடுக்குற மாதிரி இருக்காது, கம்மிதான். ஆனா வருஷம் பூரா, ஊர்லயே" என்றார்.

உங்களைக் கேட்காமல் நான் சரியென்று சொல்லவில்லை. ஆனால் உங்களுக்காக மூன்று காரியம் கேட்டுவிட்டேன். கோபிக்க வேண்டாம். ஒன்று, வேலைக்குப் பேர் கோச், மைதானம் கூட்டுகிற வேலையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இரண்டு, பேர் எழுதுகிற இடத்திலெல்லாம் ச. அந்தோணி என்று எழுத வேண்டும். மூன்று, டீ. ஏதோ ஒரு ஊரில், ஆட்டத்தின் நடுவில் எல்லாரும் உள்ளே போய்ப் பீங்கானில் குடிக்க, ஏழு விக்கெட் எடுத்த உங்களுக்கு வெளியே மண்குவளையில் கொடுத்தார்கள் என்று ஒரே ஒரு தடவை சொன்னீர்கள். அப்புறம் நீங்கள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் மறக்கவில்லை. அதனால், டீ எல்லாருக்கும் ஒரே இடத்தில், ஒரே மாதிரிக் குவளையில் என்றேன். ரஷீத் அஹமது சிரிக்கவில்லை. "இதெல்லாம் கேக்கணுமா அண்ணி" என்று சொல்லி, மூன்றையும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

பக்ரீத் கழிந்த மறுவாரம் வாணியம்பாடிக்காரர்களோடு முதல் ஆட்டம். வெயிலுக்கு முன்னால் காலையிலேயே ஆரம்பிப்பார்களாம். ரஷீத் அஹமதுவின் தாயார் நசீமுன்னிசா அம்மா தானும் பார்க்க வேண்டுமென்று அடம் பிடித்து, மைதானத்து ஓரத்தில் பெண்களுக்கென்று திரை கட்டச் சொல்லியிருக்கிறார். என்னையும் மகளையும் தன் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார். எது அவுட், எது அவுட் இல்லை என்று அவருக்கு நான் சொல்ல வேண்டுமாம். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். "இன்னாம்மா இது, உன் வீட்டுக்காரர் வேலையே இதுதானே!" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கலியாணமாகி இருபத்துமூன்று வருஷம். அந்த விரலின் ஒவ்வொரு வெடிப்பும் எனக்குத் தெரியும். அது பந்து போட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. நீங்கள் வீட்டுக்கு வருவது வருஷத்துக்குப் பத்து நாள், அதுவும் மழைக்காலத்தில், விரலுக்கு ஓய்வு கொடுக்க. போன வருஷம் அமிர்தவள்ளி தொந்தரவு பண்ணினாள் என்று ஒரு கடுக்காயை எடுத்து நடையில் போட்டுக் காட்டினீர்கள். அது நேரே போய், வாசற்படிக்கிட்டே விழுந்து திரும்பி, என் தண்ணீர்ப் பானையை உடைத்தது. நான் பார்த்த கிரிக்கெட் அவ்வளவுதான். அன்றைக்குப் பானைக்காகச் சத்தம் போட்டேனே தவிர, அது எப்படித் திரும்பியது என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஒரு பாவத்தைச் சொல்ல வேண்டும். தபசு காலம் என்று போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பதினைந்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். சாமியார் பாவமன்னிப்புக் கொடுத்தார். ஆனால் பாஸ்குத் திருநாளுக்குள் புருஷனிடமும் சொல்லிவிடு என்றார்.

1916ல் நீங்கள் கராச்சியில் இருந்தீர்கள். யுத்தம் என்று இரண்டு வருஷம் லீவு இல்லை. கலியாணமாகி எட்டு வருஷம், மடியில் ஒன்றுமில்லை. கிணற்றடியில் என்னென்ன பேசினார்கள் என்பதை நான் உங்களுக்கு எழுதவேயில்லை. அந்த வருஷம் நீங்கள் பட்டை கேட்டபோது, நான் நல்ல பட்டை அனுப்பவில்லை. தொட்டியில் ஊறிச் சாரமெல்லாம் போய், அடுப்பெரிக்க வெளியே கொட்டும் சக்கை இருக்கிறதே, அதை வெயிலில் உலர்த்திப் புதுப் பட்டையைப் போலக் கட்டி அனுப்பினேன். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தேதான் செய்தேன். அதில் எத்தனை நாள் ஊறினாலும் விரல் கெட்டிப்படாது என்று தெரியும்.

விரல் பிளந்துவிட்டது, கராச்சிக் கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை, டாக்டர் இரண்டு மாசம் பந்தைத் தொடக் கூடாது என்று லீவு கொடுத்துவிட்டார் என்று எழுதினீர்கள். வந்தீர்கள். ஆறு வாரம் இருந்தீர்கள். தினமும் நல்ல பட்டைத் தண்ணீரில் உங்கள் விரலை நானே பிடித்து ஊறவைத்தேன். நீங்கள் கடல்காற்றைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் ரயில் ஏறின நாளையும் அமிர்தவள்ளி பிறந்த நாளையும் நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள். இதைச் சொன்னபோது சாமியார், பாவத்துக்கு மனஸ்தாபப்படுகிறாயா என்று கேட்டார். விரல் நொந்ததற்குப் படுகிறேன் சாமி என்றேன். வேறு எதற்கும் எனக்குப் பட வரவில்லை.

நீங்கள் கோபித்துக்கொண்டாலும் நியாயம்தான். கோபத்தைக் கடுதாசியில் எழுதிக் காட்ட வேண்டாம், நேரில் வந்து காட்டுங்கள்.

மூன்று வருஷம் ராஜாவிடம்தான் போக வேண்டும் என்று உங்கள் மனசில் இருந்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். உங்களைத் தேடி வந்த மரியாதை அது. ஒரு வரி எழுதுங்கள், மறுநாளே இரண்டு பங்கு முதல் தரமான பட்டை கட்டி அனுப்புகிறேன். அந்தோணியார் சத்தியமாகச் சக்கை கலக்க மாட்டேன். ஆனால் ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். ராஜாவுக்கு எத்தனையோ ஆள் பந்து போடுவார்கள். எனக்குப் பார்க்க வேண்டியது ஒருவர் போடும் பந்துதான். அது நன்றாகத் திரும்புகிற காலத்திலேயே பார்க்க வேண்டும்.

இருபத்துமூன்று வருஷமாகப் பட்டைப் பார்சலை நிறுத்துக் கொடுத்த தபாலாபீஸ் ஆதிகேசவன் இன்றைக்கு, "இன்னாம்மா, வெறுங்கையோட வந்திருக்கே, அண்ணனுக்கு விரல் சரியாய்ட்டதா?" என்று கேட்பார். இந்தத் தடவை மருந்து வீட்டிலேயே இருக்கிறது என்று சொல்லப் போகிறேன்.

மதராஸ் வந்து வண்டி மாறினால் மூன்றாம் நாள் ஆம்பூர். விசாரித்து வைத்திருக்கிறேன். புதுப் பானை ஒன்று வாங்கினேன், கடுக்காய் எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். இன்று காலை நானே உடைத்த பட்டை அதில் ஊறுகிறது. இந்தக் கடுதாசி உங்களைச் சேர்ந்து, நீங்கள் எங்களை வந்து சேருவதற்குள் தண்ணீர் நன்றாக நிறம் பிடித்திருக்கும். தேவமாதா உங்கள் கையைக் காத்து, வழித்துணையாக வருவாளாக. மகள் தோத்திரம் சொல்கிறாள்.

வந்து விரலை நனைத்துக்கொள்ளுங்கள். இது நல்ல பட்டைதான்.

இப்படிக்கு,
உங்கள்
சவுரியம்மாள்