துணையா, தொணதொணையா?

வெள்ளிக்கிழமை, இரவு

நண்பன் கவினுக்கு வைத்த பொறியில் இன்று நானே போய் உட்கார்ந்தேன். பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் அவன் வழக்கமாக உட்காரும் கணினியில், கோட் எழுத உதவும் ஏஐ கேட்காமலே குறுக்கே பேசும்படி நேற்று மாற்றி வைத்தேன். ஷா ஆலமில் நடக்கும் கோடிங் போட்டிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் சோதனை இன்றைக்கு என்று எனக்குத் தெரியாது. டீச்சர் எங்கள் இருவரையும் இடம் மாற்றிவிட்டார்.

விடை முழுவதும் என் தலைக்குள் இருந்தது. இரண்டு எழுத்து அடிப்பதற்குள் ஏஐ சாம்பல் நிறத்தில் நான்கு வரி நீட்டியது. சரியா என்று படித்துப் பார்த்தேன், தப்பு. திரும்பி வந்தால் என் வரி மறந்துபோயிருந்தது. மறுபடி அடித்தேன், மறுபடி நீட்டியது. துணையாம்! வெறும் தொணதொணை.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் டீச்சர் என் பின்னாலேயே நின்றார். போன வாரம் மவுஸ் வேலை செய்யாதபடி நான் அதன் அடியில் டேப் ஒட்டியதை அவர் இன்னும் மறக்கவில்லை. நிறுத்தப் போனால் மாற்றியதும் நான்தான் என்று கண்டுபிடித்துவிடுவார்.

கவின்தான் தேர்வானான்.

"டேய், உன் கம்ப்யூட்டர் செம அமைதி லா! நீ ஏன்டா முழிச்சிக்கிட்டு உக்காந்திருந்த?"

"தலவலிடா."

"உன் ஸ்க்ரீன்ல ஏஐ தானாவே எழுதிக்கிட்டு இருந்துச்சே! என் லேப்டாப்லயும் அதே மாதிரி போட்டுக் கொடுடா. போட்டிக்கு உதவும்ல?"

நாளைக்குப் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அவன் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டேன். அதை அவனுக்குப் போட்டுக் கொடுப்பதா, இல்லை என்னை நானே போட்டுக் கொடுப்பதா?