இருபது டிகிரி

மார்ச் 2

அன்புள்ள குட்டி அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீங்களும் நலம் என்று உங்கள் கடிதம் சொல்கிறது, நம்பிக்கொள்கிறேன். பதில் போடப் பத்து நாள் தாமதமாகிவிட்டது. போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வருகிறது, இனிமேல் எழுதிக்கொள்வோம் என்று ஏற்பாடு செய்தவள் நான். தாமதம் செய்பவளும் நானே. குட்டிக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. நாற்காலிக் கை, டிவி ரிமோட், என் தோள் எல்லாவற்றிலும் பல் பதித்து முத்திரை குத்தி வைத்திருக்கிறாள்.

ஒரு விஷயம். அவள் பொம்மைப் படம் பார்க்கும் டேப்லெட்டில் இன்னும் உங்கள் கணக்கில்தான் வீடியோ திறக்கிறது. நேற்று யானைப் படம் தேடினேன். யானைக்கு மேலே ஒரு பெண், கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறாள். ‘சைன், காஸ்: அடிப்படையிலிருந்து.’ அதற்குக் கீழே ‘வெக்டர் என்றால் என்ன.’ அதற்கும் கீழே ‘ஒரு விசையை இரண்டாகப் பிரிப்பது.’ பிப்ரவரி 8 முதல் முப்பத்தொரு வீடியோ, எல்லாம் அதே பெண். "சரியா கண்ணுங்களா, இப்ப இந்த அம்புக்குறியைப் பாருங்க" என்கிறாள். குரல் நன்றாகத்தான் இருக்கிறது.

படிப்பதைக் குறை சொல்லவில்லை. முக்கோணத்தைக் கண்டாலே புத்தகத்தை மூடிவிடுவேன் என்று கல்யாணத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டவர் நீங்கள். வீட்டில் கணக்கில் எம்.எஸ்சி. படித்த ஒருத்தி சும்மா இருக்கிறாள். அவளிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

பார்த்த நேரமும் அதில் வருகிறது. காலை பதினொன்று. பகல் இரண்டு. அந்த நேரத்தில் நீங்கள் கிரேனுக்குக் கீழே நின்று பாரத்துக்குக் கயிறு மாட்டிக்கொண்டிருக்க வேண்டுமே.

குட்டியின் அம்மா

மார்ச் 9

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அறையில் இருக்கிற ஏழு பேரும் "என்னண்ணே, வீட்டுல போலீஸா?" என்று கேட்டார்கள். அந்த வீடியோ அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். தலைக்குச் சாயம். போதுமா?

சூப்பர்வைசர் பரீட்சை வருகிறது. வெறுமனே கயிறு மாட்டும் ரிக்கராகவே இருந்தால் கடைசிவரை வெயிலில்தான் நிற்க வேண்டும். விசை, கோணம் எல்லாம் தெரிந்தால்தான் மேலே போக முடியும். ஃபெயில் ஆனால் நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாய் என்று பயந்துதான் சொல்லவில்லை. இப்போது எனக்கு ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள், பகலில் அறையில்தான் இருக்கிறேன்.

ஒரு கணக்கு போட்டுத் தா. நாலு டன் இரும்புப் பீம். அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கம்பிக் கயிறு, எங்கள் பாஷையில் ஸ்லிங். இரண்டும் மேலே ஒரே கொக்கியில் சேர்கின்றன. தூக்குக்குண்டு தொங்கும் நேர்க்கோட்டிலிருந்து ஒவ்வொரு ஸ்லிங்கும் 20 டிகிரி விலகியிருக்கிறது. ஒரு ஸ்லிங்குக்கு அனுமதித்த அளவு மூன்று டன். ஒவ்வொன்றின் மேலும் எவ்வளவு இழுவிசை வரும்? அளவுக்குள் இருக்குமா?

தனித்தாளில் படிப்படியாகப் போட்டு, கீழே கையெழுத்தும் உன் பட்டமும் எழுது. என் பெண்டாட்டி எம்.எஸ்சி. என்றால் இங்கே ஒரு பயலும் நம்ப மாட்டேன் என்கிறான்.

குட்டியின் பல்லுக்கு என் முத்தம்.

குட்டியின் அப்பா

மார்ச் 15

அன்புள்ள குட்டி அப்பாவுக்கு,

கணக்கு தனித்தாளில் இருக்கிறது. ஒரு ஸ்லிங்குக்குப் பாதிப் பாரம், இரண்டு டன். அதை காஸ் 20 ஆல் வகுத்தால் 2.13. மூன்றுக்குள் அடங்குகிறது. கேட்டவர் நீங்கள் என்பதால் கையெழுத்தும் பட்டமும் போட்டிருக்கிறேன். ஆனாலும் மூன்று விஷயம் என் மூளையைக் குடைகிறது.

பாடக் கணக்கில் 20 டிகிரி வராது. 30, 45, 60 என்றுதான் கொடுப்பார்கள், விடை ஒழுங்காக வர வேண்டுமே. டியூஷன் எடுத்த ஐந்து வருடத்தில் நான் 20 டிகிரியைக் கண்டதே இல்லை. உங்கள் கணக்குக்குப் படமும் இல்லை. அந்த அம்மா அம்புக்குறி இல்லாமல் வாயே திறக்க மாட்டார், நான் பார்த்துவிட்டேன். அப்புறம் இந்தக் கையெழுத்து. அறைத் தோழர்களை நம்பவைக்க என் கல்யாண போட்டோவே போதுமே, அதில்கூட நான் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன்.

ஷிஃப்ட் மாறியதை ஏன் நான் கேட்ட பிறகு சொன்னீர்கள் என்பதையும் சேர்த்தால் நாலு. விட்டுவிடுகிறேன். விடவில்லை, ஆனால் இப்போதைக்கு விடுகிறேன்.

குட்டியின் அம்மா

மார்ச் 21

அன்புள்ள டீச்சருக்கு,

தாள் கிடைத்தது. நீ செய்த உதவி எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியாது. எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று இங்கே ஒரு பெரிய மனிதரே சொன்னார். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். உனக்கு என்ன வேண்டும், சொல். அடுத்த தடவை வரும்போது வாங்கி வருகிறேன். குட்டிக்கு ஒரு யானை.

20 டிகிரியைப் பற்றியெல்லாம் யோசித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. பரீட்சையில் இப்படித்தான் கேட்பார்களாம்.

குட்டியின் அப்பா

மார்ச் 26

குட்டி அப்பாவுக்கு,

நேற்று தடுப்பூசி போடப் போன இடத்தில் உங்கள் கிரேன் ஆபரேட்டரின் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் மடியில் அவள் பையன், என் மடியில் குட்டி, இரண்டும் போட்டி போட்டு அழுதன. நடுவில் அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணன் மேல ஒண்ணும் வராதாம்க்கா. நல்ல வேளை."

"என்ன வரணும்?"

"அந்தப் பீம் விழுந்துச்சே, அதுதான். போன மாசம் அஞ்சாம் தேதி. வெல்டருக்குக் கால் ரெண்டு எடத்துல ஒடஞ்சுபோச்சுல்ல. ஏன்க்கா, அண்ணன் சொல்லலையா?"

"சொன்னாரு, சொன்னாரு. முழுசா சொல்லல."

"ஸ்டோர்காரர்தான் பழைய கயித்தைக் குடுத்துட்டாராம். அவரை வேலைய விட்டே அனுப்பப் போறாங்க. அண்ணன் கட்டுனது சரின்னு யாரோ எம்.எஸ்சி. படிச்சவங்க கணக்கு போட்டுக் குடுத்திருக்காங்களாம்க்கா. கையெழுத்தோட."

"யாராம்?"

"தெரியலக்கா. பெரிய படிப்பு படிச்சவங்களாம்."

குட்டிக்கு ஊசி போட்டதுகூட எனக்குத் தெரியவில்லை. அவள் அலறிய பிறகுதான் பார்த்தேன்.

பரீட்சை என்று ஒன்று இருக்கிறதா? நடந்தது என்ன என்று முழுதாக எழுதுங்கள். சிரிப்பு, யானை, முத்தம் எதுவும் வேண்டாம்.

குட்டியின் அம்மா

ஏப்ரல் 1

அன்புள்ள டீச்சருக்கு,

பரீட்சை இல்லை. எழுதுகிறேன்.

அன்றைக்கு ஆறு மீட்டர் பீம் ஒன்றை மேலே ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டு முனையிலும் இருபது சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வளையம் இருந்தது, அதில்தான் ஸ்லிங் மாட்டினேன். ஸ்டோரில் வாங்கி வந்தது மூன்று மீட்டர் ஸ்லிங் இரண்டு. நீளமானவை யார்டின் அந்தக் கோடியில் கிடந்தன. போய் வர முக்கால் மணி நேரம் ஆகும். ஃபோர்மேன் "இன்னிக்குள்ள தூக்குவியா, நாளைக்கா?" என்று கத்திக்கொண்டிருந்தார். கையில் இருந்ததையே மாட்டினேன். தலை உயரத்துக்கு ஏறியதும் ஒரு பக்கம் அறுந்தது. வெல்டர் ஓடத்தான் செய்தார், ஒரு காலை இழுத்துக்கொள்ள நேரம் போதவில்லை.

அன்றிலிருந்து என்னைக் கிரேன் பக்கம் விடவில்லை. பகலெல்லாம் அறையில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடிக்கும் போல இருந்தது. தப்பு என் மேலா, கயிற்றின் மேலா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது. அதற்குத்தான் முதல் வீடியோவைப் பார்த்தேன். அது சத்தியம்.

கயிறு நாலு வருடப் பழசு. ஸ்டோர்காரரே ஒப்புக்கொண்டார். உன் தாளை விசாரணைப் பொறியாளரிடம் கொடுத்தேன். ஏப்ரல் 16 கடைசி விசாரணை. அதோடு முடிந்துவிடும். உன்னிடம் மறைத்தது தப்பு. மற்றபடி 20 டிகிரி என்பது நான் கண்ணால் பார்த்தது.

குட்டிக்கு ஊசி போட்ட இடத்தில் வீங்கியிருக்கிறதா? எழுது.

குட்டியின் அப்பா

ஏப்ரல் 6

குட்டி அப்பாவுக்கு,

வீக்கம் வடிந்துவிட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் சமையலறை மேசையில் அறுபது சென்டிமீட்டர் ஸ்கேலை வைத்தேன். அதுதான் உங்கள் பீம். இரண்டு முனையிலும் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, ஒவ்வொன்றும் முப்பது சென்டிமீட்டராக இரண்டு நூல் கட்டினேன். நூல்முனைகளைச் சேர்த்து விரலில் மாட்டித் தூக்கினேன். விரலுக்கும் ஸ்கேலுக்கும் நடுவே பதினோரு சென்டிமீட்டர்கூட இல்லை. நூல் ஸ்கேலோடு படுத்துக்கொண்டிருக்கிறது. குட்டி அதைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள், விடவில்லை. அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கோணத்தை அளந்தேன். படுத்த கோட்டிலிருந்துதான் 21 டிகிரி. தூக்குக்குண்டு தொங்கும் நேர்க்கோட்டிலிருந்து 69.

நீங்கள் எழுதியபடி நேர்க்கோட்டிலிருந்து 20 டிகிரி என்றால் உங்கள் மூன்று மீட்டர் ஸ்லிங்குகளின் கீழ்முனைகளுக்கு நடுவே இரண்டு மீட்டர்தான் இருந்திருக்கும். வளையங்களோ ஐந்தரை மீட்டருக்கும் மேலே தள்ளி இருக்கின்றன. எட்டவே எட்டாது. அளவுகளை உண்மையாக எழுதியிருக்கிறீர்கள், கோணத்தை மட்டும் மாற்றிவிட்டீர்கள். ஒன்று இன்னொன்றைக் காட்டிக்கொடுக்கும் என்று அந்த அம்மா சொல்லித் தரவில்லையா?

சரியான விடை 5.57 டன். அனுமதித்தது மூன்று. புதுக் கயிறாக இருந்திருந்தால் ஒருவேளை தாங்கியிருக்கும், எனக்குத் தெரியாது. ஆனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏற்றியது நீங்கள், ஸ்டோர்காரர் இல்லை.

டேப்லெட்டையும் திரும்பப் பார்த்தேன். ‘கோணத்தை எந்தக் கோட்டிலிருந்து அளப்பது’ என்று ஒரு வீடியோ. மார்ச் 5 முதல் 8 வரை ஒன்பது முறை பார்த்திருக்கிறீர்கள். ஒன்பதாம் தேதி எனக்குக் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். புரியாமல் ஒன்பது முறை பார்த்தீர்களா, புரிந்துகொண்டு பார்த்தீர்களா? இதைத்தான் இரண்டு நாளாக யோசிக்கிறேன். குட்டியைக் குளிப்பாட்டும்போதும் யோசிக்கிறேன். உங்கள் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து, எதில் எல்லாம் எந்தக் கோடு மாறியிருக்கும் என்று பார்க்கிறேன். இரண்டு வருடக் கடிதங்கள்.

சரியான கணக்கைப் படத்தோடு இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று இதோடு வருகிறது. 16ஆம் தேதி நீங்களே போய்ச் சொல்லுங்கள். இன்னொன்று என்னிடம் இருக்கும். அன்றுவரை காத்திருக்கிறேன். நீங்கள் சொல்லவில்லை என்று தெரிந்தால் அதைத் தபாலில் போடுவேன். என் கையெழுத்தை வைத்து ஒருவர் வேலை போகக் கூடாது.

வேலை போனால் போகட்டும். நான் மறுபடி டியூஷன் எடுப்பேன்.

குட்டியின் அம்மா

ஏப்ரல் 17

அன்புள்ள டீச்சருக்கு,

நேற்று சொல்லிவிட்டேன்.

உள்ளே போனதும் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் மனசு மாறிவிடும் என்று பயமாக இருந்தது. "சார், அந்தத் தாள்ல கணக்கு சரி. நான் குடுத்த கோணம் தப்பு. தெரிஞ்சேதான் குடுத்தேன்" என்றேன். ஸ்டோர்காரரும் அங்கேயே இருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் படத்தை நானே போர்டில் போட்டேன். அம்புக்குறி எல்லாம் சரியாக வந்தது. வீடியோ பார்த்ததில் அது ஒன்றாவது மிச்சம்.

பொறியாளர் முழுக்கக் கேட்டார். அப்புறம் ஃபைலுக்கு உள்ளேயிருந்து ஓர் உறையை எடுத்து என் முன்னால் வைத்தார். உன் எழுத்து. ஏப்ரல் 6ஆம் தேதி முத்திரை. 16 வரை காத்திருக்கிறேன் என்று எனக்கு எழுதிய அதே நாள்.

"போன வாரமே வந்திருச்சுப்பா. நீயா சொல்றியான்னு பாத்தேன்" என்றார்.

ஸ்டோர்காரர் இன்று வேலைக்கு வந்துவிட்டார். வெல்டரைப் போய்ப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். காலைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு "போய்ட்டு வா" என்றார், அவ்வளவுதான். என் ரிக்கர் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஒரு வருடம் யார்டில் கூட்டிப் பெருக்குகிற வேலை, இல்லையென்றால் ஊருக்குப் போகலாம் என்கிறார்கள். எது என்று நீ சொல்.

உன் மேல் கோபம் இல்லை. எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்று தெரியும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் சொல்ல மாட்டேன் என்றே முடிவு பண்ணிவிட்டாயா?

குட்டியின் அப்பா

ஏப்ரல் 30

குட்டி அப்பாவுக்கு,

ஆமாம். முடிவு பண்ணிவிட்டேன்.

இரண்டு உறையையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு போனேன். உங்கள் உறையைப் பெட்டியில் போட்டேன். மற்றதோடு திரும்பி நான்கு கடை தூரம் நடந்தேன். குட்டி இடுப்பில் தூங்கிவிட்டாள், கனத்தாள். திரும்பப் போய் அதையும் போட்டேன். காத்திருப்பேன் என்று உங்களுக்கு எழுதியது பொய். எழுதும்போது பொய் இல்லை, பெட்டிக்குத் திரும்பியபோது பொய்யாகிவிட்டது. இப்படித்தான் உங்களுக்கும் ஆகியிருக்கும் என்று இரண்டு நாளாகத் தோன்றுகிறது. அதனால் என் மனம் ஆறிவிடவில்லை.

நீங்களாகவே சொன்னது உண்மையா என்று அந்தப் பொறியாளருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டேன். உண்மைதான் என்று பதில் வந்தது. கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. இனிமேல் நான் இப்படித்தான் இருப்பேன் போலிருக்கிறது, எவ்வளவு நாளைக்கு என்று தெரியவில்லை.

ஊருக்கே வந்துவிடுங்கள். குட்டி போனில் இருக்கும் உங்கள் வீடியோவைப் பார்த்தால் சிரிக்கிறாள், நேரில் பார்த்தால் அழுவாள். ஒரு வாரம் பிடிக்கும். என்றைக்கு, எந்த ரயிலில் என்று மட்டும் எழுத வேண்டாம். எழுதினால் அதையும் ரயில் அட்டவணையோடு வைத்துச் சரிபார்ப்பேன். நேராக வந்து கதவைத் தட்டுங்கள்.

குட்டியின் அம்மா