பொருந்திய சார்ஜர்

அல் கூஸ், துபாய்
நவம்பர் 2009

அன்புள்ள வளர்மதிக்கு,

நான் நலம். அம்மாவுக்கு இருமல் நின்றதா? பிள்ளைகள் சுகந்தானே?

பீடியை விடச் சொல்லி நீ அழுததால்தான் அந்த பேட்டரி சிகரெட்டை வாங்கினேன். லீவுக்கு வந்தபோது அதன் சார்ஜரை அங்கேயே வைத்துவிட்டேன். எங்கள் ரூமில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொபைல் சார்ஜர் தொங்கும். பொருந்துகிறதே என்று அதில் செருகினேன். பேட்டரி கொதித்தது, கழற்றப் போனேன், வெடித்துவிட்டது. தலையணை கருகியதோடு சரி. "அதுக்குண்டான சார்ஜர் இல்லாம இனி எதையும் செருகாதண்ணே, கலாஸ், இதோட முடிஞ்சுது!" என்று பக்கத்துக் கட்டில் கார்மேகம் சத்தம் போட்டான்.

வீட்டிலுள்ள அந்த சார்ஜரில் பிள்ளைகள் வேறெதையும் செருகாமல் எடுத்து வை. லீவில் ஊருக்கு வந்திருக்கும் எங்கள் ரூம் விமல் திரும்பி வரும்போது பொத்தான் இல்லாத சட்டை இரண்டு கொடுத்தனுப்பு. கார்மேகம் தபால் போடக் கிளம்பிவிட்டான், முடிக்கிறேன்.

எழுத்து கோணலாக இருக்கிறதென்று பயப்படாதே. இடது கைக்கு இன்னும் பழகவில்லை.

உன்
அன்பரசன்