ஒரு ஜோடி அதிகம்

அன்பு மச்சான் ஏழுமலைக்கு,

கேன்டீன் சுவரில் நீ வரைந்த படத்தில் எத்தனை ஜோடி செருப்பு இருக்கலாம் என்று கம்பெனி முடிவெடுத்துவிட்டது. அதற்காக மூன்று கூட்டங்கள் நடந்தன. கடைசிக் கூட்டத்தில் முந்திரி பிஸ்கட் வைத்தார்கள். நீ உயிரோடு இருந்திருந்தால் உன்னையும் கூப்பிட்டிருப்பார்களா? சந்தேகம்தான். வரைந்தவனைக் கேட்கும் வழக்கம் இங்கே இல்லை.

உன் தங்கை நலம். சின்னவன் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான். கும்மிடிப்பூண்டிக் காற்று நீ விட்டுப்போன அதே நிறத்தில்தான் இருக்கிறது. துவைத்த துணியை இன்னும் வீட்டுக்குள்தான் காயப்போடுகிறோம்.

நீ போன பிறகு உன் படத்துக்குப் பொருள் சொல்வதில் பெரிய போட்டி. நீ வரைந்தது ஆயுத பூஜைச் சாப்பாடு. ஷெட் தரையில் வரிசையாக இலை, இலைக்கு முன்னால் ஆட்கள், வாசலில் செருப்புகள், ஓரத்தில் ஒரு காக்கை. வாழை இலை நிறுவனத்தின் வளர்ச்சியைக் குறிக்கிறது என்றார் புது ஹெச்.ஆர். அதிகாரி. காக்கை விழிப்புணர்வாம். நம் வீடுகளில் காக்கைக்கு எதற்காகச் சோறு வைக்கிறோம் என்பது அங்கே ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

பிறகு ஆடிட் வந்தது. உனக்குத் தெரியாததா? ஒவ்வொரு பொருளும் அதனதன் இடத்தில் இருக்கவேண்டும், கூடுதலாக எதுவும் இருக்கக்கூடாது. சாப்பிட்டுக் கை கழுவ வந்த ஆடிட்டர் சுவரைப் பார்த்து எண்ணத் தொடங்கினார்.

“ஆளு பதினொண்ணு. செருப்பு பன்னெண்டு ஜோடி. ஒண்ணு எக்ஸ்ட்ராவா இருக்கே?”

குறை என்று எழுதிக்கொண்டு போனார். எழுதிய குறையைச் சரிசெய்தே ஆகவேண்டும். அது சுவரில் வரைந்த குறையானாலும் சரி.

அந்த அதிகப்படி ஜோடியில் ஒரு வார் நீலம், ஒரு வார் ரோஸ். அறுந்த வாருக்குக் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு திரிந்தவன் நம் அந்தோணி. காண்டிராக்ட் ஆள். ஃபர்னஸ் ஷெட்டில் மேலேயிருந்து விழுந்து செத்தான். அன்றைக்கு அவன் கேட்டுக்கு உள்ளேயே வரவில்லை என்றது கம்பெனி. அவன் கழற்றிவிட்ட செருப்பு ஷெட் வாசலில் பல நாள் கிடந்தது. நாம் எல்லோரும் பார்த்தோம். நீ மட்டும் வரைந்தாய்.

அவன் மனைவி எஸ்தர் இங்கேதான் தட்டு கழுவ வந்தாள். சுவரைப் பற்றி என்னிடம் அவள் ஒன்றும் பேசியதில்லை. வேலை முடிந்ததும் ஈரத்துணியால் அந்தச் செருப்பு இருக்கும் மூலையை மட்டும் ஒருமுறை துடைப்பாள்.

பெயிண்ட் கொடுக்கும் ஸ்டோர்காரன் என்பதால் கடைசிக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

“அந்த ஒரு ஜோடிய அழிச்சுடு, முடிஞ்சுது,” என்றார் மெயின்டனன்ஸ்காரர்.

“அழிச்சா பேட்ச் தெரியும் சார். ஒரு ஆள உக்கார வச்சுட்டா கணக்கு டேலி ஆயிடும்,” என்றேன் நான்.

“யாருய்யா ஆளு?”

“குனிஞ்சு துன்னட்டும் சார். மூஞ்சி எதுக்கு?”

ஒப்புக்கொண்டார்கள். அந்தோணியை அவர்கள் கையெழுத்தோடே கேட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன், மச்சான். அன்றைக்கு என்னைப்போல் கெட்டிக்காரன் இந்தத் தொழிற்பேட்டையில் வேறு யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கவரைப்பேட்டையிலிருந்து போர்டு எழுதுகிறவர் ஞாயிற்றுக்கிழமை வந்து வரைந்தார். நல்ல வேலைக்காரர். குனிந்த முதுகு, இலையில் அப்பளம், எல்லாம் வைத்திருந்தார். மறுநாள் எஸ்தரைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

“பாத்தியா எஸ்தரு, உள்ள வந்துட்டான்.”

செருப்பு இருந்த மூலைக்குப் போய்க் குனிந்து பார்த்தாள்.

“ஆளு வந்துகிறாரு. செருப்பு யாருதுண்ணா?”

அப்போதுதான் கவனித்தேன். இரண்டு வாரும் நீலம். போர்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

“இன்னா சார், ஒரு வாரு மட்டும் கலரு மாறிக்கினு இருந்துச்சு. முன்ன வரைஞ்சவரு அவசரத்துல மாத்தி அட்ச்சிட்டாரு போலகீது. அதுக்கு டப்பு வேணா சார், சும்மாவே சரி பண்ணிக்குடுத்தேன்.”

கம்பெனிக்குத் தெரியாமல் நீ ஒளித்து வைத்ததை, ஒன்றும் தெரியாமலே ஒருவர் துடைத்துவிட்டார். இதில் யார்மேல் கோபப்படுவது? நீ ஏன் அவன் பெயரையே எழுதிவிடவில்லை? எழுதியிருந்தால் அன்றைக்கே வெள்ளையடித்திருப்பார்கள் என்றா? அல்லது பெயிண்ட் அடிக்கும் ஷெட்டின் புகையில் உன் நுரையீரல் போய்க்கொண்டிருந்தபோது, வேலையும் போய்விடக்கூடாது என்றா? ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் அத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன். கேட்கத் தோன்றவில்லை.

ஸ்டோரில் ரோஸ் பெயிண்ட் இல்லை. வெளியே வாங்கிவந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோர் கண்ணெதிரிலும் அந்த வாரின்மேல் நானே ஒரு கோடு போடுவேன். எதற்கு என்று யாராவது கேட்டால் அந்தோணி என்று சொல்வேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

எஸ்தர் இங்கே வேலையை விட்டுவிட்டாள். இப்போது அத்திப்பட்டில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறாள்.

உன் தங்கை வீட்டுக்காரன்,
சேகர்