கேட்டுக்கு உள்ளே வந்த அம்மா

அன்புள்ள ஸ்டெல்லா அக்கா,

செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. உங்களுக்கே தெரியும். ஆனால் இந்தச் சண்டையை வேறு யாரிடம் சொல்ல?

நீங்கள் போன பிறகு நம் அதியமான்கோட்டை நர்சரிக்குப் புதுத் தாளாளர் வந்துவிட்டார். பெற்றோர் இனி கேட்டோடு நிற்க வேண்டுமாம். நீங்கள் பழக்கியபடி மாலையில் அவர்களைப் பாயில் உட்கார வைத்து, பிள்ளை அன்றைக்குச் செய்த நல்லதை முதலில் சொல்லுவோமே, அதற்குத் தடை. சொல்ல வேண்டியதெல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான்.

அதில் ஒரு நாள் தாளாளர் போட்டார்: 'வீட்டில் பிள்ளையிடம் தமிழும் இங்கிலீஷும் மட்டும் பேசவும்.'

என் வகுப்பில் கவின் என்று நாலு வயதுப் பையன். அப்பா ஹைவேயில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அம்மா மஞ்சுளா கர்நாடகப் பக்கம். சில வாரமாக அவன் வகுப்பில் வாயே திறப்பதில்லை. "டி.சி. கொடுத்துடலாம்" என்றார் தாளாளர்.

நான் மஞ்சுளாவை உள்ளே கூப்பிட்டேன்.

"வூட்டுல அவன்கிட்ட என்னம்மா பேசுவீங்க?"

"ஒண்ணும் பேசறதில்லீங்க மிஸ். என் தமிழு தப்புத் தப்பா இருக்கும். இங்கிலீசு வராது. கன்னடம் கூடாதுன்னு நீங்கதான போட்டீங்க?"

ஒரு தாயின் வாயை அடைத்துவிட்டு, அதற்குப் பெயர் பெற்றோர் தொடர்பா, அக்கா?

அவளையும் கவினையும் பாயில் உட்கார வைத்து, மர யானையை அவள் கையில் கொடுத்தேன். "உங்க பேச்சுலயே பேசுங்க." அவள் குனிந்து அவன் காதில் என்னவோ கேட்டாள். திட்டுவேனோ என்று அவன் என்னைப் பார்த்தான். பிறகு "ஆனெ" என்றான். அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. அவள் அழுதுகொண்டே பதில் சொன்னாள்.

ஜன்னலில் தாளாளர். "கேட்டு எதுக்குங்க மேடம் இருக்கு?"

"தெறக்கத்தாங்க சார்."

நானா பேசினேன்? நானேதான்.

விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம். எழுத மாட்டேன். அதே குழுவில் நானும் போட்டுவிட்டேன்: 'வீட்டில் எந்த மொழியோ அதிலேயே பேசுங்கள். மாலையில் உள்ளே வாருங்கள்.' இன்றைக்குப் பாயில் இடம் போதவில்லை. பஞ்சர் கடைக்காரரும் கிரீஸ் கையோடு வந்து ஓரமாக உட்கார்ந்தார்.

என் வேலை போனாலும் போகட்டும். கவினின் டி.சி.யில் என் கையெழுத்து விழாது. இதை உங்களுக்கு வாக்காகவே சொல்கிறேன்.

உங்களிடம் மட்டுமே சத்தம் போட்டுப் பழகிய தங்கை,
மாலதி