நான் வெட்டிய உங்கள் படம்

என் தேவா அண்ணைக்கு,

நீங்கள் கண்மூடி இரண்டு வருடத்துக்குப் பிறகு, நீங்கள் எடுத்த படமொன்று எங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. அடியில் வழமைபோல உங்கள் பெயர். பெருமையாகச் சொல்லக்கூடிய சங்கதி இல்லை இது. இந்தக் கடிதத்தை எங்கள் பத்திரிகை போடாது என்பதால் வேறிடத்துக்கு அனுப்புகிறேன். நாலு பேர் வாசிக்கட்டும்.

பண்டத்தரிப்புப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றின் கரோல் குழுவை எடுத்தீர்களே, ஞாபகமா? நடுவில் போதகர். அவருடைய ஒரு கை ஓர்கன் வாசிக்கும் வாத்தியாரின் தோளில். மறு கை, வாத்தியாரின் மனைவி தூக்கி வைத்திருந்த குழந்தையின் தலையில். சுற்றிவர இருபது பேர் சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்தப் போதகர் போன மாதம் சபையார் முன்னால் எழும்பி நின்று, தான் ஆண்களை விரும்பும் ஆண் என்றும், தனியாகவே வாழ்வதாகவும் சொல்லிவிட்டார். அவர் இருக்கக்கூடாது என்று பாதிப் பேர், இருக்கட்டும் என்று மீதிப் பேர். இது செய்திதான். எழுதத்தான் வேண்டும்.

ஒழுங்காக எழுதினோமா? போதகரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்த்தவர்களிடமும் யாரும் போகவில்லை. 'சபையார் கொதிப்பு' என்று அலுவலகத்தில் இருந்தபடியே எழுதியாயிற்று. பக்கம் போடும்போது நகைக்கடை விளம்பரமொன்று வந்து, படத்துக்கு இரண்டு பத்தி அகல இடம்தான் மிஞ்சியது. போதகரையும் வாத்தியாரையும் மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களை வெட்டினேன். ஓம் அண்ணை, நான்தான். அதன் மேல் செய்தி ஆசிரியர் 'போதகரின் இரகசிய உறவு' என்று தலைப்பு வைத்தார். நான் வாய் திறக்கவில்லை. சட்டமே இன்னும் இவரைப் போன்றவர்களைக் குற்றவாளி என்கிற நாட்டில் அந்தத் தலைப்பு என்ன செய்யும் என்று யோசிக்கவும் இல்லை.

வாத்தியாரின் மனைவி இப்போது சந்தைக்கும் போவதில்லையாம்.

படம் வந்த வாரத்துச் சனிக்கிழமையே பஸ் ஏறிப் போதகரிடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: “என்னைப் பற்றி எழுதுங்கோ தங்கச்சி, நான் ஒண்டையும் மறைக்கேல்லை. நடக்காத ஒண்டை எழுதி அந்தக் குடும்பத்தை ஏன் இழுக்கிறியள்?”

அவரை வெளியேற்றச் சொல்லும் சபை மூப்பரிடமும் போனேன். அவரும் கொதித்துக்கொண்டுதான் இருந்தார், எங்கள் மேல். “அவர் போகத்தான் வேணும். இண்டைக்கும் சொல்லுவன். ஆனால் உந்தப் பொய்யை நான் சொல்லேல்லை. என்னட்டை ஆர் வந்து கேட்டது?”

மூப்பரோடு எனக்கு ஒத்துவராது. போதகர் அங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதற்காக மூப்பர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் குறைக்கவில்லை. இருவர் சொன்னதையும் எழுதி, முழுப் படத்தோடு அதே முதல் பக்கத்தில் போடச் சொல்லிக் கேட்டேன்.

ஏழாம் பக்கத்து மூலையில் நாலு வரி தருகிறாராம் செய்தி ஆசிரியர், படம் இல்லாமல். “படத்தை வெட்டினது நீர்தானே பிள்ளை” என்றார்.

“ஓம், நான்தான். அதாலைதான் விடமாட்டன் எண்டு நிக்கிறன்.”

வேலை போகுமா? போகட்டும். பக்கம் போடத் தெரிந்தவளுக்கு வேறு வேலையா கிடைக்காது?

நேற்றுக் கோப்பாய்க்குப் போய் உங்கள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் வெட்டியதையும் சேர்த்து. அண்ணி கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துக் கடிதம் எழுதித் தந்தார். முழுப் படம் வராவிட்டால் உங்கள் படம் எதையும் பத்திரிகை இனிப் பாவிக்கக் கூடாதாம். தேர்த் திருவிழா வந்தால் இன்றைக்கும் உங்கள் பழைய படங்களைத்தான் தேடுகிறார்கள். இனித் தேடிப் பார்க்கட்டும்.

நாளைக் காலை அந்தக் கடிதத்தோடு நானும் அண்ணியும் செய்தி ஆசிரியரின் அறைக்குப் போகிறோம். முழுப் படமும் வரும்வரை ஓயமாட்டேன், இது சத்தியம். குழந்தையின் தலையில் இருக்கும் கையும் வரும். கீழே படம் எடுத்தவர் என்று உங்கள் பெயர் இருக்கும். அதற்கும் கீழே, முன்பு இதை வெட்டியவர் என்று என் பெயரை நானே போடுவேன்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
சுகிர்தா