செந்தலை ஓணான் அழியவில்லை என அறிவித்த ஓலை

மழை பிழையாத பொழில்நாட்டை ஆளும் மலர்க்கோதை, மேல்மலைக் கோட்டைத் தலைவர் அதிரனார்க்கு விடுக்கும் ஓலை. நும் கோட்டை உயர்க. நும் வேங்கை மரங்கள் பூக்க. நும் வீரர் அடுப்பு அணையாதிருக்க. ஓலை கண்ட அப்பொழுதே, அமர்ந்திருந்தால் எழுந்தும், உண்டுகொண்டிருந்தால் கைகழுவியும், நும் சிறையிலிருக்கும் தேனெடுப்போன் கோடனின் விலங்கைக் கழற்றுக. காரணத்தைப் பிறகு படிக்கலாம், அது ஓடிப்போகாது.

காட்டுயிர் இனம் ஒன்றை அழித்தவன் காட்டை விட்டே நீங்க வேண்டும் என்பது முன்னோர் விதி. சென்ற வைகாசியில் நம் அவைப்புலவர் ஐவர் மேல்மலை ஓணான், அரணை, பல்லிகளை வகுத்து, முப்பத்தோரினம் என ஏட்டில் எழுத, யாமும் மகிழ்ந்து முத்திரையிட்டோம். மார்கழியில் மீண்டும் எண்ணியபோது, செந்தலை ஓணானுக்கு ஏட்டில் குறித்த ஒரே இடமாகிய, கோடன் தேனெடுக்கும் மரத்தில் அது ஒன்றுகூட இல்லை. அவன் மூட்டிய புகையே அவ்வினத்தை அழித்தது எனப் புலவர் உரைத்தனர், யாம் நம்பினோம். அவனைச் சிறையிடவும், வரும் முழுநிலா நாளில் காட்டைவிட்டு அகற்றவும் பணித்தோம்.

நேற்று அவன் மனைவி வெள்ளச்சி, நான்கு நாள் நடந்து, மூங்கில் கூடையோடு அவைக்கு வந்தாள். உள்ளே தவிட்டு நிறத்தில் ஆண் ஓணான் இரண்டு. திறந்ததும் ஒன்றையொன்று முறைத்தன, தலையை ஆட்டின, வெற்றிலை மெல்லும் நேரத்துக்குள் இரண்டின் தலையும் கழுத்தும் செக்கச்செவேலென ஆயின. சண்டையிடவும் இணைசேரவும் இது சிவக்கும் என்றும், மழையும் பனியும் வந்தால் தவிட்டு நிறமாய்க் கிடக்கும் என்றும், தன் ஊரில் தவழும் பிள்ளையும் இதை அறியும் என்றும் விண்ணப்பித்தாள். தலைமைப் புலவர் முகம் சிவந்து நின்றார். அவள் விடவில்லை. “ஐயா மொகமும் இப்பச் செவந்திருச்சே, இவரையும் வேற இனமுன்னு எழுதிக்கிடுவீங்களா தாயீ?” என நம்மையே கேட்டுவிட்டாள். அவை சிரித்தது, யாமும் சிரித்தோம். பிறகு கோடன் சிறையிருந்த மாதங்கள் நினைவுக்கு வந்தன, சிரிப்பு நின்றது.

ஏட்டை அவளுக்குப் படித்துக் காட்டினோம். வாலறுந்த அரணை தனியினமாம், அதன் குஞ்சு இன்னோரினமாம்! அவள் சொல்லச் சொல்ல, முப்பத்தொன்று பதினான்காயிற்று.

இனி நிறம் கண்டு வகுக்கலாகாது. செதிலும் விரலும் பிடரிமுள்ளும் பார்த்து, ஆறு பருவமும் உடனிருந்தே வகுக்க வேண்டும். புலவர் ஐவரும் மேல்மலைக்கு வருகின்றனர். வெள்ளச்சி சொல்வாள், அவர் எழுதுவர். பாவம், மெத்தென்ற கால்கள். வழுக்குப் பாறையில் கைகொடுத்து ஏற்றிவிடுக.

பிழை நம்முடையது என்பதைக் கோடனிடம் பலர் கேட்க உரக்கச் சொல்லுக. அவன் சினந்தால் கேட்டுக்கொள்க, மறுமொழி வேண்டா. இவ்வோலை குதிரையில் வருகிறது. வெள்ளச்சி குதிரையேற அஞ்சி நடந்தே வருகிறாள். அவள் மலைவழி திரும்பும்போது, கோட்டை வாயிலுக்கு வெளியே அவன் நிற்க வேண்டும்.

இட்ட அரக்கு ஆறுமுன் விடுத்தோம். உடைத்த அரக்கு தரையில் விழுமுன் செய்க.